ஊறுகாயின் மேல் நின்ற எண்ணெய்

முள்ளிக்காட்டில் ஊறுகாய் போடத் தெரிந்தது சடைச்சி என்ற கரடிக்கு மட்டும்தான்.

நெல்லிக்காய் பருவம் வந்துவிட்டால் காடே சடைச்சியின் குகை முன்னால் கூடிவிடும். குரங்குகள் மரத்தை உலுக்கும். முயல்கள் கீழே விழுந்த காய்களைப் பொறுக்கும். யானை உவர்நிலத்திலிருந்து உப்புக்கட்டி கொண்டுவரும். காட்டு எள்ளைப் பாறைமேல் போட்டு மிதித்து எண்ணெயும் எடுத்துக் கொடுக்கும். கிளிகள் காந்தாரி மிளகாயைக் கொத்திக்கொண்டு வந்து குவிக்கும். அதற்குமேல் எல்லாம் சடைச்சியின் வேலை. காயை நசுக்கும். உப்பில் புரட்டும். வெயிலில் காயவைக்கும். மிளகாயை அரைத்துப் பிசையும். கடைசியில் மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றி, காய்ந்த சுரைக்குடுவைகளில் அடைத்து, குடும்பத்துக்கு ஒரு குடுவை என்று கொடுத்துவிடும்.

நாக்கு ருசிக்காக மட்டும் நடந்த வேலை அல்ல இது. கோடை முற்றினால் அந்தக் காட்டில் புல்லும் கருகும், கனியும் அற்றுப்போகும். மண்ணுக்கடியில் காட்டுக்கருணைக் கிழங்கு மட்டும் மிஞ்சும். அதை வெறுமனே தின்றால் நாக்கு தடித்துப்போகும். தொண்டை அரிக்கும். குட்டிகளுக்கு மூச்சே அடைத்துவிடும். புளிப்போடு சேர்த்துத் தின்றால் ஒன்றும் செய்யாது. காட்டிலோ ஒரு புளியமரம்கூடக் கிடையாது. அதனால் கோடைக்கு ஊறுகாய்தான் உயிர்.

சடைச்சிக்குக் கை சுத்தம். வாய்தான் கடுப்பு.

அந்த வருஷமும் ஊறுகாய் வேலை மும்முரமாக நடந்தது. பல நாள் உப்பில் கிடந்ததால் சடைச்சியின் உள்ளங்கை வெடித்திருந்தது. மிளகாய் நெடி ஏறிக் கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்த நேரம் பார்த்து மிருகங்கள் குடுவை வாங்க வரிசையில் வந்து நின்றன. வந்தவை சும்மா நிற்கவில்லை.

"அக்கா, ஊறுகாயை முதலில் தொட்டுக்கொள்ள வேண்டுமா, கடைசியில் தொட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று அணில் கேட்டது.

"உன் நாக்கைக் கேள்!" என்றது சடைச்சி.

"துவையலுக்கும் சட்னிக்கும் என்ன வித்தியாசம்?" என்றது முயல்.

"கெட்டியாக அரைத்தால் துவையல், தண்ணீர் விட்டுக் கரைத்தால் சட்னி. நகரு!"

"தண்ணீர் எவ்வளவு விட்டால் துவையல் சட்னியாகும்? பாதி வழியில் அதற்கு என்ன பெயர்?"

சடைச்சி மூச்சை இழுத்து விட்டது.

"காரம் படுவது நாக்கில்தானே? அழுவது ஏன் கண்?" என்று காட்டுப்பன்றி கேட்டது.

"ஊறுகாய் என்கிறோமே, ஊறுவது காயா, உப்பா?" என்று குரங்கு கேட்டது. பின்னால் நின்றவை சிரித்தன.

வரிசையின் கடைசியில் பூவாயி நின்றது. பூவாயி ஒரு கேளையாடு. கேளையாடு என்றால் புதருக்குள் ஒதுங்கி வாழும் சின்ன மான். கூச்ச சுபாவம். அதற்கு அது முதல் குட்டி. குட்டி பிறந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. தாயின் காலுக்கிடையில் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. தனிக் குடும்பமாகிவிட்டதால் பூவாயிக்கு அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொந்தக் குடுவை. அதை எப்படிக் காக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

தன் முறை வந்ததும் பூவாயி குடுவைக்குள் எட்டிப் பார்த்தது. தலையை நிமிர்த்தி, மெல்லிய குரலில், "அக்கா, மேலே இவ்வளவு எண்ணெய் நிற்கிறதே, இதை..." என்று ஆரம்பித்தது.

சடைச்சிக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"போதும்! ஆளாளுக்குக் கேள்வி! கை எரிய, கண் எரிய நான் செய்து கொடுக்கிறேன். உங்களுக்கு வாய் ஓய மாட்டேன் என்கிறது! இனி ஒரு கேள்வி கேட்டால் குடுவையைப் பிடுங்கிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டு தின்னுங்கள்!"

பூவாயியின் காது இரண்டும் பின்னால் மடிந்தன. எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட வெட்கம் அதற்கு. குடுவையில் கட்டியிருந்த கொடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, குட்டியை முட்டித் தள்ளியபடி போய்விட்டது.

முந்தைய கேள்விகள் எல்லாம் வேடிக்கை. பூவாயியின் கேள்வி வேடிக்கை அல்ல. அந்த வித்தியாசத்தைக் கவனிக்க அன்று சடைச்சிக்குப் பொறுமை இல்லை.

காட்டின் நடுவில் இடிந்துபோன ஒரு கல்மண்டபம் இருந்தது. அதன் தூண் உச்சியில் பேச்சிமுத்து என்ற மைனா குடியிருந்தது. சென்ற மழைக்குப் பிறகுதான் ஊரிலிருந்து காட்டுக்கு வந்தது. ஊரில் அதன் கூடு இருந்த இடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன, தோசைக்கு என்ன, பரோட்டாவுக்கு என்ன என்று நாள் முழுக்கப் பார்த்து வளர்ந்தது. சிவப்புப் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் கூழ்போல் வருமே, அந்தத் தக்காளி சாஸைக்கூட அது கொத்திப் பார்த்திருக்கிறது.

பேச்சிமுத்து கெட்டது அல்ல. ஊரிலிருந்து வந்த அதனோடு காட்டில் யாரும் முதலில் பேசவில்லை. தனியாக இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தது. ஒரு நாள் அணில் வந்து, "கடையில் ஊறுகாயை இலையில் எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டது. பேச்சிமுத்து, "மேல் ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில்!" என்று சொன்னது. அணில் வாயைப் பிளந்து கேட்டது. மறுநாள் அணில் முயலைக் கூட்டி வந்தது. அதற்கடுத்த நாள் முயல் முள்ளம்பன்றியைக் கூட்டி வந்தது. சடைச்சி எரிந்து விழுந்த நாளிலிருந்து மண்டபத்தின் அடியில் எப்போதும் கூட்டம்தான்.

கூட்டம் சேரச் சேர, பேச்சிமுத்துவின் வாயில் ஒரு சொல் மட்டும் வராமலே போயிற்று. 'தெரியாது' என்பதுதான் அந்தச் சொல்.

பூவாயியும் அங்கே போனது.

"அண்ணே, ஊறுகாய்மேல் எண்ணெய் நிற்கிறது. விரல் ஆழத்துக்கு நிற்கிறது. இதை வைத்துக்கொள்ள வேண்டுமா, எடுத்துவிட வேண்டுமா?"

பேச்சிமுத்து தலையைச் சாய்த்து யோசித்தது. கடையில் எண்ணெய் மிதக்கும் குழம்பைப் பார்த்து ஆட்கள் முகம் சுளித்ததும், பரிமாறுகிறவர் கரண்டியால் எண்ணெயை ஒதுக்கிவிட்டு ஊற்றியதும் நினைவுக்கு வந்தன. ஊறுகாய்க்கு என்ன செய்வார்கள் என்று அது பார்த்ததே இல்லை. கடைக்கு ஊறுகாய் பாக்கெட்டில் வரும். கிழித்து வைப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் கீழே அத்தனை முகங்கள் அண்ணாந்து நின்றன.

"வடித்துவிடு!" என்றது பேச்சிமுத்து. "அதிக எண்ணெய் உடம்புக்கு ஆகாது. ஊரில் எண்ணெய் மிதந்தால் யாரும் தொடவே மாட்டார்கள்!"

"வடித்தால் குடுவை குறைந்துவிடுமே, அண்ணே?"

"அதற்கும் வழி இருக்கிறது! கடையில் கூட்டம் அதிகமானால் சட்னியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். பெருகிவிடும்! நீயும் ஊற்று!"

அது பொய் இல்லை. கடையில் அப்படித்தான் ஊற்றினார்கள். ஆனால் அந்தச் சட்னி காலையில் அரைத்து மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஊறுகாயோ கோடை முழுவதும் இருக்க வேண்டியது. இந்த வேறுபாட்டைப் பேச்சிமுத்து நினைத்துப் பார்க்கவில்லை.

"எண்ணெயை வடித்தால் ரோமத்துக்குத் தடவிக்கொள்ளலாம்!" என்றது முயல்.

"தண்ணீர் ஊற்றினால் ஒரு குடுவை இரண்டு குடுவையாகும்!" என்றது காட்டுப்பன்றி.

அன்று சாயங்காலமே பொந்துக்குப் பொந்து எண்ணெய் வடிந்தது. முயல்களின் ரோமம் பளபளத்தது. பன்றிகள் பாறையில் வழுக்கி விழுந்து சிரித்தன. சுனைத் தண்ணீரை மொண்டு மொண்டு எல்லோரும் குடுவையில் ஊற்றினார்கள்.

சடைச்சி தன் குகை வாசலில் உட்கார்ந்து இதைத் தூரத்திலிருந்து பார்த்தது. முயல்களின் ரோமம் ஏன் மின்னுகிறது என்று அதற்கு ஒரு கணம் தோன்றியது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். 'என்னிடம் யாரும் வரக் காணோம். எங்கேயோ போய்க் கூத்தடிக்கிறார்கள். எப்படியோ போகட்டும்' என்று திரும்பிப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் பூவாயி தன் குடுவையைத் திறந்து பார்த்தது. காய்களின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தது. ஏதோ ஈரமண் வாடை. அதற்கு மனசு சரியில்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு சடைச்சியின் குகைப் பக்கம் போனது. உள்ளே சடைச்சி உறுமிக்கொண்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பூவாயியின் கால் மேலே நகரவில்லை. திரும்பி மண்டபத்துக்கு வந்தது.

"அண்ணே, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இது என்ன?"

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அதற்கும் அந்த வெள்ளை என்னவென்று தெரியவில்லை. 'சடைச்சியிடம் காட்டு' என்று சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கீழிருந்து முயல், "அண்ணனுக்குத் தெரியாதது உண்டா!" என்றது.

"உப்பு!" என்றது பேச்சிமுத்து. "உப்புப் பூத்திருக்கிறது. நன்றாக ஊறியதற்கு அடையாளம். பயப்படாதே!"

பூவாயி நம்பியது. நம்பியதற்காக யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷக் கோடை காட்டைச் சுட்டெரித்தது. முதலில் சுனை சுருங்கியது. புல் காய்ந்து பொடியாகி, காற்றில் பறந்தது. இலந்தையும் நாவலும் காய்க்காமலே கருகின. கடைசியில் காட்டுக்கருணைதான் மிஞ்சியது. காட்டுப்பன்றிகள் அதைத் தோண்டி எடுத்துச் சூடான பாறைமேல் போட்டு வாட்டின. எல்லோரும் அவரவர் குடுவையைத் திறந்தார்கள்.

குடுவைக்குள் ஊறுகாய் இல்லை. பஞ்சுபோல் பூஞ்சை பிடித்த சேறுதான் இருந்தது. மூடியைத் திறந்ததும் முள்ளம்பன்றி குமட்டி ஓடியது. முயல்கள் குடுவையைப் பள்ளத்தில் உருட்டிவிட்டன. பசி தாளாமல் வெறுங்கிழங்கைக் கடித்த குரங்குகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உருண்டன.

பூவாயி புதருக்குள் தனியாக இருந்தது. மற்றவர்கள் குடுவையை வீசியது அதற்குத் தெரியாது. குட்டி காலையிலிருந்து பசியில் முனகிக்கொண்டிருந்தது. தாய்க்குப் பால் வற்றி நாளாகியிருந்தது. குடுவையைத் திறந்தபோது நாற்றம் அடித்தது. 'உப்புத்தான். அண்ணன் சொன்னாரே' என்று நினைத்துக்கொண்டது. மேலே இருந்ததை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த காயைக் கிழங்கோடு சேர்த்து மென்று குட்டிக்கு ஊட்டியது. குட்டி ஆவலாகத் தின்றது. இன்னும் கேட்டது. பூவாயி இன்னும் கொடுத்தது.

மத்தியானத்துக்குள் குட்டியின் வயிறு உப்பிவிட்டது. சாயங்காலம் கால் நான்கும் விறைத்தன. பூவாயி அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. குட்டி எழுந்திருக்கவில்லை.

கேளையாடு நாயைப் போலக் குரைக்கும் மான். ஆபத்து என்றால்தான் குரைக்கும். அன்று பூவாயியின் குரல் காடு முழுவதும் கேட்டது. புலி வந்துவிட்டது என்று எல்லோரும் பயந்து ஓடி வந்தார்கள். வந்து பார்த்தபோது ஒரு சின்னக் குட்டி கிடந்தது. பக்கத்தில் ஒரு சுரைக்குடுவை கிடந்தது.

காட்டின் கோபம் மண்டபத்தின் பக்கம் திரும்பியது.

"அந்த மைனாவின் சிறகைப் பிய்த்தெறியுங்கள்!" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"நாக்கை அறுக்க வேண்டும்!" என்றது முயல். அண்ணனுக்குத் தெரியாதது உண்டா என்று கேட்ட அதே முயல்தான்.

பேச்சிமுத்து பறந்து தப்பியிருக்கலாம். வானம் திறந்துதான் கிடந்தது. ஆனால் அது தூணிலிருந்து இறங்கி, மண்ணில் தலை கவிழ்ந்து நின்றது.

அந்த நேரம் சடைச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. குடுவையை எடுத்துப் பார்த்தது. முகர்ந்தது. மேலே எண்ணெய் இல்லை. உள்ளே தண்ணீர். அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் தலைக்கேறியது. ஒரு கையின் நகங்களை மைனாவின் பக்கம் நீட்டியது.

"யார் எண்ணெயை எடுக்கச் சொன்னது? எண்ணெய்தானே காற்றும் ஈரமும் படாமல் காக்கும் மூடி! தண்ணீர் பட்டால் ஊறுகாய் கெடும் என்று தெரியாதா? பூவாயி, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

பூவாயி தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கத் தாங்க முடியாததாக இருந்தது.

"கேட்டேன், அக்கா. எண்ணெயைப் பற்றித்தான் கேட்டேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு தின்னச் சொன்னீர்கள். பூஞ்சை பூத்தபோது இன்னொரு முறையும் வந்தேன். உங்கள் வாசல்வரைக்கும் வந்தேன். உள்ளே வரப் பயமாக இருந்தது."

சடைச்சியின் கை தளர்ந்தது. குடுவை நழுவி விழுந்தது. மைனாவின் பக்கம் நீட்டியிருந்த நகங்கள் மெல்ல மடங்கின. வரிசையில் நின்று சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

சடைச்சி கூட்டத்தின் பக்கம் திரும்பி, "அந்த மைனாவை விட்டுவிடுங்கள்" என்றது. "தெரியாமல் பேசியது அதன் குற்றம். தெரிந்தும் பேசாதது என் குற்றம். எது பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும்."

பிறகு குகைக்குப் போய்த் தன் பங்குக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதில் எண்ணெய் மேலே நின்றது. காய் கெடாமல் இருந்தது. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் குட்டிகளுக்குப் பங்கிட்டது. ஆனால் ஒரு கரடியின் பங்கு ஒரு காட்டுக்கு எத்தனை நாள் வரும்? குடுவை சீக்கிரமே காலியாயிற்று. மழையோ வருவதாகக் காணோம்.

அப்போது பேச்சிமுத்து முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தது.

"அக்கா, ஆற்றைத் தாண்டிப் போனால் ஊருக்குப் போகும் சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் புளியமரம். இந்த நேரம் பழம் தொங்கும். வழி எனக்குத் தெரியும்."

"நாய்கள் இருக்குமா?" என்று சடைச்சி கேட்டது.

பேச்சிமுத்து சற்றுத் தயங்கியது. "தெரியாது, அக்கா" என்றது.

"அது போதும்" என்றது சடைச்சி. "கிளம்பு!"

உச்சிவெயிலில் போனார்கள். அந்த நேரம்தான் ஊர் ஆட்கள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். ஆற்று மணல் தணலாகக் கொதித்தது. சடைச்சியின் வெடித்த பாதம் ஒவ்வொரு அடியிலும் வெந்தது. மேலே பேச்சிமுத்து சிறிது தூரம் பறப்பதும், நிற்பதும், திரும்பிப் பார்ப்பதுமாகப் போயிற்று.

சாலையோரத்தில் புளியமரங்கள் நின்றன. கிளை தாழத் தாழப் பழம். சடைச்சி மரமேறி, பழம் அடர்ந்த ஒரு பெரிய கிளையை முறித்துப் போட்டது. மடமடவென்று சத்தம் எழுந்தது. இறங்கி வந்து அடிக்கம்பை வாயில் கவ்வி இழுக்கத் தொடங்கியது. ஆற்றங்கரைக்கு வரும் முன்னால் நாய்கள் வந்துவிட்டன.

ஒரு நாய் பின்னங்காலைக் கவ்வியது. இன்னொன்று விலாவில் பாய்ந்தது. சடைச்சி ஓர் உறுமல் உறுமியிருந்தால், ஒரு கடி கடித்திருந்தால் நாய்கள் சிதறியிருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் கிளை விழும். கிளையைத் திரும்பக் கவ்வுவதற்குள் ஊர் கூடிவிடும். சடைச்சி வாயைத் திறக்கவில்லை. தொடை கிழிந்து ரத்தம் வழிய, கண் பிதுங்க, கிளையை இழுத்துக்கொண்டே போனது.

"விடாதே அக்கா! விடாதே!" என்று கத்தியபடி பேச்சிமுத்து நாய்களின் கண்ணைக் கொத்தப் பாய்ந்தது. ஒரு நாய் எம்பி அதன் வாலைப் பிடித்தது. வால் இறகுகள் நாயின் வாயோடு போயின. மைனா சுழன்று மணலில் விழுந்து, திரும்ப எழுந்து, திரும்பப் பாய்ந்தது. சூடு தாங்காமல் நாய்கள் ஆற்றின் நடுவிலேயே நின்றுவிட்டன. கரையேறியதும் சடைச்சி அப்படியே சாய்ந்தது. வாயிலிருந்த கம்பை அப்போதும் விடவில்லை. குரங்குகள் வந்து தாடையை மெல்லப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் புளியால்தான் முள்ளிக்காடு மழைவரைக்கும் உயிர் பிழைத்தது. கிழங்கைப் புளியோடு பிசைந்து பெரியவர்கள் சிறிதும் குட்டிகள் வயிறாரவும் தின்றார்கள். தானாகக் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பூவாயியின் புதருக்கு ஒவ்வொரு நாளும் பேச்சிமுத்துதான் கொண்டுபோய் வைக்கும். பூவாயி அதனிடம் பேசியதில்லை. மைனாவும் பேச்சை எதிர்பார்க்கவில்லை. வைத்துவிட்டு வந்துவிடும்.

மழை வந்தது. காடு தழைத்தது. நெல்லி திரும்பக் காய்த்தது.

இப்போது சடைச்சிக்கு ஒரு கால் இழுத்து இழுத்துத்தான் நடக்க வரும். குகைக்குள் உட்கார்ந்து ஊறுகாய் போடுவதை விட்டுவிட்டது. எல்லோரும் பார்க்கும்படி வெளியே பாறையில் உட்கார்ந்து போட்டது. இரண்டு குரங்குகளும் ஒரு முள்ளம்பன்றியும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டன. சிரிக்கக் கேட்ட கேள்விக்கும் சடைச்சி பதில் சொன்னது. தானும் சிரித்தது. சிலவற்றுக்கு, "அது எனக்கும் தெரியாது, போட்டுப் பார்ப்போம்" என்றது. பேச்சிமுத்துவிடம் யாராவது போய்க் கேட்டால் அது பறந்து வந்து பாறையில் நின்று, "அக்கா, இப்படிக் கேட்கிறார்கள்" என்று சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு போகும்.

பூவாயி மட்டும் குடுவை வாங்க வரவில்லை.

எல்லோரும் வாங்கிப் போன பிறகு சடைச்சி ஒரு குடுவையைக் கொடியில் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் பூவாயியின் புதருக்குப் போனது. பூவாயி எழுந்து நின்றது. ஓடவில்லை. நெருங்கவும் இல்லை.

சடைச்சி குடுவையைத் தரையில் வைத்தது. "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றது.

பூவாயி குடுவையைப் பார்க்கவில்லை. கரடியின் முகத்தையே பார்த்தது.

"ஒன்று கேட்க வேண்டும், அக்கா. அன்று நீங்கள் பதில் சொல்லியிருந்தால் என் குட்டி பிழைத்திருக்குமா?"

சடைச்சிக்கு மிளகாய் நெடியும் உப்பும் நாய்க்கடியும் தெரியும். இதுபோல் ஓர் எரிச்சல் தெரியாது. 'விதி' என்று சொல்லியிருக்கலாம். 'யார் கண்டார்கள்' என்று சொல்லியிருக்கலாம். காட்டில் யாரும் அதைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். சடைச்சி மண்ணில் உட்கார்ந்தது. பூவாயியின் கண்ணைவிட்டுத் தன் கண்ணை விலக்கவில்லை.

"பிழைத்திருக்கும்" என்றது.

பூவாயி முன்னங்கால் மடிய, மெல்லப் படுத்துக்கொண்டது. அன்று அழாத அழுகையெல்லாம் அப்போது அழுதது. சடைச்சி தொடவில்லை, எழுந்து போகவும் இல்லை. வெயில் சாய்ந்து மரநிழல் நீளும்வரை இரண்டும் அங்கேயே இருந்தன.

கடைசியில் பூவாயி எழுந்தது. குடுவையின் கொடியைப் பல்லால் கவ்வித் தன் புதருக்குள் எடுத்துச் சென்று வைத்தது. திரும்பி வந்து, சடைச்சி எழுந்திருக்க முட்டுக்கொடுத்து, குகைவரைக்கும் பக்கத்திலேயே நடந்தது.

தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டால் தெரியாதவர் வாய் திறந்துகொள்ளும். அதன் கேடு கேட்டவரையே சேரும்.